நீரிழிவுக் குழந்தைகளும் முகாம் கல்வியும்

(அங்கத்தினர் கல்விப் பாடம்)

நம் சங்கங்களின் கூட்டங்களில் நூல் விலை பேசப்படும்; கூலி பேசப்படும்; வாய்க்கால் முறை, உர விநியோகம், விளைபொருள் விற்பனை ஆகியவை மணிக்கணக்கில் பேசப்படும். வீட்டிலுள்ள குழந்தையின் நோயைப் பற்றி எழுந்து பேசும் அங்கத்தினரைக் காண்பது அரிது. நோய் என்பது வீட்டுக்குள் வைத்துக் காக்கவேண்டிய செய்தி என்பது நம்மவர் வழக்கம். அந்நோய் நீரிழிவாகவும், நோயுற்றது பெண்குழந்தையாகவும் இருந்துவிட்டால் மறைப்பு இருமடங்காகிறது. நாளை மணம் பேச வருவோர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சி, பள்ளி ஆசிரியரிடங்கூடச் சொல்லாமல் விடும் பெற்றோர் உளர். ஆசிரியர் அறியாவிட்டால், வகுப்பில் அக்குழந்தை வியர்த்து நடுங்கிச் சாயும்போது என்ன செய்வதென்று அறிந்தவர் அங்கே ஒருவரும் இரார்.

இக்குறையை நீக்குவதற்கு மேனாட்டார் கண்ட வழிகளுள் ஒன்று, நீரிழிவுடைய குழந்தைகளுக்கென நடத்தப்பெறும் முகாம். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் தொடங்கிய இம்முறை ஏறத்தாழ நூறாண்டுகளாக வளர்ந்து, இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. நம் நாட்டிலும் சில மருத்துவமனைகளும் அறநிலையங்களும் இத்தகைய கூட்டங்களை நடத்துகின்றன. கூட்டுறவு நெறியில் பழகிய நாம் இம்முகாம்களிலிருந்து கற்கத்தக்கது யாது என்பதே இம்மாதப் பாடம்.

நோயின் இயல்பு

நீரிழிவு என்று ஒரே பெயரால் வழங்கினும் நோய் ஒன்றன்று. நாற்பது, ஐம்பது வயதினரிடம் நாம் மிகுதியாகக் காணும் நீரிழிவு ஒரு வகை. உணவுக் கட்டுப்பாடு, உடலுழைப்பு, மாத்திரை ஆகியவற்றால் அதனைப் பெரும்பாலும் பல ஆண்டுகள் அடக்கி வைக்கலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு வகை. மருத்துவர் இதனை முதல் வகை நீரிழிவு என்பர். இரைப்பைக்குப் பின்னே அமைந்துள்ள கணையம் என்னும் உறுப்பு, இன்சுலின் என்ற சுரப்பை உண்டாக்குகிறது. நோய்க்கிருமிகளிடமிருந்து உடலைக் காக்கவேண்டிய தற்காப்பு அணுக்களே திரிபுற்று, இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் இந்நோய் தோன்றுகிறது.

உழவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். வாய்க்கால் நிறைய நீர் ஓடுகிறது. வயலின் மடையோ அடைபட்டுக் கிடக்கிறது. அப்போது என்ன நிகழும்? நீர் கரை வழிந்து வீணாகும், பயிர் வாடும். நாம் உண்ட சோறு சர்க்கரையாக மாறி இரத்தமாகிய வாய்க்காலில் ஓடுகிறது. அதனை உடலின் அணுக்களுக்குள் பாய்ச்சும் மடையைத் திறப்பது இன்சுலின். அஃது இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை பெருகிச் சிறுநீரில் வழிகிறது. உடலோ பட்டினி கிடக்கிறது.

ஆகவே குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்கும். ஓயாமல் தண்ணீர் கேட்கும். நன்றாக உண்டும் இளைக்கும். இரவில் பாயை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மீண்டும் நனைக்கத் தொடங்கும். சிறுநீர் விழுந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பாட்டிமார் கண்டு சொல்வதும் உண்டு. இவற்றைக் கண்ட உடனே இரத்தத்தைச் சோதிக்கவேண்டும். காலம் தாழ்த்தினால், உடல் தன் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலங்கள் இரத்தத்தில் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து இழுக்கும் மூச்சு, பழ வாடை ஆகியவை தோன்றும். பின்னர் நினைவு தப்பும். இது மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும் நிலை. வயிற்றுவலிதானே என்று கைவைத்தியம் பார்த்திருத்தல் தகாது.

இந்நோய் இனிப்பை மிகுதியாக உண்டதால் வந்ததன்று. தாய் தந்தையர் செய்த தவறாலும் வந்ததன்று. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனால் ஒன்று உறுதி: இன்சுலினை நிறுத்தினால் இக்குழந்தை வாழாது. வேரும் சூரணமும் தந்து ஊசியை விட்டுவிடச் சொல்பவர் எவராயினும், அவர் சொல் கேட்ட வீட்டில் சில நாட்களிலேயே சாவு நேரக்கூடும். இப்பாடத்தில் வேறு எதனை மறப்பினும் இதனை மறத்தல் கூடாது.

இன்சுலின் வந்த வரலாறு

1922ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்நோயுற்ற குழந்தைகளுக்கு மருந்தே இல்லை. உணவைக் குறைத்துக் குறைத்துக் குழந்தையைப் பட்டினி நிலையில் வைத்திருந்தால் சில மாதங்களோ, ஓரிரண்டு ஆண்டுகளோ உயிர் தங்கும். அமெரிக்காவில் டாக்டர் பிரெடெரிக் ஆலன் என்பார் இம்முறையைக் கண்டிப்பாக நடத்தினார். கனடா நாட்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 1921இல் பிரெடெரிக் பாண்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகிய இருவரும் பேராசிரியர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் விலங்கின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரிக்க முயன்றனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு இருந்தமையால் பயன் போதவில்லை. வேதியியல் வல்லுநர் காலிப் அதனைத் தூய்மை செய்து தந்தார். ஜனவரி 23ஆம் நாள் போட்ட ஊசியில் சர்க்கரை இறங்கிற்று, சிறுவன் தேறினான்.

கூட்டுறவாளராகிய நாம் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. கண்டுபிடிப்பின் உரிமையைப் பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் தமக்கென வைத்துப் பொருள் ஈட்டவில்லை. 1923இல் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு அதனைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருந்து எல்லோர்க்கும் எட்டவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் பிற்காலத்தில் எல்லா நாடுகளிலும் நிறைவேறியது என்று சொல்வதற்கில்லை. எனினும் தொடக்கம் அத்தகையது.

அதே 1922ஆம் ஆண்டில் பாண்டிங்கிடம் அழைத்து வரப்பட்டவர் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி. அமெரிக்க வெளியுறவு அமைச்சராயிருந்த சார்லஸ் எவான்ஸ் ஹியூஸின் மகள். 11 வயதில் நோய்வாய்ப்பட்டு, ஆலனின் பட்டினி மருத்துவத்தில் மூன்றாண்டுகள் கழித்து, 15 வயதை எட்டும் தறுவாயில் அவர் 45 பவுண்டு எடையே இருந்தார். அஃதாவது ஏறத்தாழ 20 கிலோ. இன்சுலின் அவரைப் பிழைக்க வைத்தது. கல்லூரியில் படித்தார்; மணம் புரிந்தார்; மக்களைப் பெற்றார்; 1981 வரை வாழ்ந்தார். ஆனால் தம் நோயை வெளியாரிடம் மறைத்தே வாழ்ந்தார். உலகில் முதன்முதலாக இன்சுலினால் காக்கப்பட்டவர்களுள் ஒருவரே, ஓர் அமைச்சரின் மகளே, அதனைச் சொல்லக் கூசினார் என்றால், நம் சிற்றூர்க் குழந்தையின் கூச்சம் எத்துணைப் பெரிதாயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஆக, மருந்து உயிரைத் தந்தது. அச்சத்தையும் தனிமையையும் நீக்குவது மருந்தின் வேலையன்று. அதற்கு வேறொன்று வேண்டியிருந்தது.

முகாம்கள் தோன்றியமை

மற்ற நோய்களில் டாக்டர் மருந்தின் அளவைக் குறித்துக் கொடுப்பார், நோயாளி உட்கொள்வார். இன்சுலின் அவ்வாறு நடவாது. இன்று உண்ட அளவு வேறு, நாளை உண்ணும் அளவு வேறு. பள்ளி நாளின் ஓட்டம் வேறு, விடுமுறை நாளின் ஓட்டம் வேறு. காய்ச்சல் வந்தால் எல்லாமே வேறு. ஒவ்வொரு நாளும் அளவு பார்த்துச் செலுத்தவேண்டும். டாக்டர் குழந்தையைப் பார்ப்பதோ ஆண்டுக்குச் சில மணி நேரம். மிகுந்த பொழுதெல்லாம் டாக்டரின் இடத்தில் நிற்பவர் தாயும் தந்தையும் அக்குழந்தையுமே. டாக்டரின் அறிவு வீட்டிற்குள் வந்தாலன்றி மருந்து முழுப் பயன் தராது என்பதை முதலில் உணர்ந்தவர் சிலர்.

அவர்களுள் டிட்ராய்ட் நகரத்து டாக்டர் லியனார்டு வெண்ட் 1925இல் மிச்சிகன் மாநிலத்தில் நீரிழிவுக் குழந்தைகளுக்கென முகாம் ஒன்றை நடத்தினார். ஒஹாயோ மாநிலத்தில் டாக்டர் ஹென்றி ஜானும் அவர் துணைவியாரும் 1929இல் தங்கள் கோடை இல்லத்தில் குழந்தைகளைத் தங்கவைத்துத் தொடங்கியது ஹோ மிட்டா கோடா முகாம். 1932இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வடக்கு ஆக்ஸ்போர்டில், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை நிறுவிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த வீட்டை ஒட்டிப் பெண்குழந்தைகளுக்கான முகாம் ஏற்பட்டது. அதனை ஏற்று நடத்தியவர்கள் ஒரு சமயச் சபையின் மாதர் சங்கத்தார். 1938இல் கலிபோர்னியாவில் குழந்தை மருத்துவர் மேரி ஆல்னி அம்மையார் மலைவனத்தில் முகாம் தொடங்கினார். பின்னர் பேர்ஸ்கின் மெடோ என்ற பெயரால் சியர்ரா நெவாடா மலையில் நிலைபெற்ற அம்முகாமில் குழந்தைகள் மட்டுமன்றி முழுக் குடும்பங்களும் தங்கும் வாரங்கள் உண்டு.

பாஸ்டன் நகரத்து டாக்டர் எலியட் ஜாஸ்லின் இம்முயற்சிகளுக்குப் பெருந்துணையாக நின்றவர். நோயாளிக்குக் கற்பித்தல் மருத்துவத்தில் இன்றியமையாதது என்ற கொள்கையுடையவர். உணவு, இன்சுலின், உடலுழைப்பு ஆகிய மூன்றையும் ஒரே தேரில் பூட்டிய மூன்று குதிரைகளாக அவர் உவமித்தார். மூன்றையும் ஒன்றாக ஓட்டத் தெரிந்தவனே தேரைச் செலுத்துவான். அத்தேரின் கடிவாளத்தைக் குழந்தையின் கையில் படிப்படியாகக் கொடுப்பதுதான் முகாமின் நோக்கம்.

முகாமில் ஒரு நாள்

பழைய முகாம்களில் விடியற்காலைக் காட்சி நம் சாயப்பட்டறையை ஒத்திருக்கும். வரிசையாக அடுப்புகள் எரியும். சிறுநீரின் சில துளிகளைப் பெனடிக்ட் கரைசல் என்னும் நீலநீருடன் சேர்த்துக் கண்ணாடிக் குழாயில் கொதிக்க வைப்பர். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை; பச்சையானால் சிறிது; மஞ்சளானால் மிகுதி; செங்கல் நிறமானால் மிக மிகுதி. நிறத்தைப் பார்த்து அளவு சொல்லும் பழக்கத்தைச் சிறுவர்கள் விரைவில் பெற்றுவிடுவர். கண்ணாடி ஊசிக்குழல்களையும் நாள்தோறும் கொதிநீரில் இட்டே பயன்படுத்துவர்.

இன்று அக்குழாய்கள் மறைந்தன. விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்துச் சில நொடிகளில் அளவு காட்டும் சிறு கருவி வந்துள்ளது. தோலின் அடியில் பொருத்தப்பட்டுச் சில நிமிடங்களுக்கொருமுறை அளவு அறிவிக்கும் உணர்கருவியும், இடுப்பில் கட்டிய பெட்டியிலிருந்து இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் பம்பும் வசதியுள்ள நாடுகளில் பெருகியுள்ளன. கருவி மாறினும் முகாமின் ஒழுங்கு மாறவில்லை.

காலையில் எல்லோரும் கூடிச் சர்க்கரை அளவு பார்ப்பர். தாதியர் அருகிருந்து குறித்துக்கொள்வர். உணவுக்கூடத்தில் ஒவ்வொரு பண்டத்திலும் எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளது என்பதைச் சொல்லுவர். குழந்தையே கூட்டிப் பார்க்கும். 15 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று டாக்டர் ஒரு குழந்தைக்குக் குறித்திருந்தால், 60 கிராம் அடங்கிய உணவுக்கு 4 யூனிட் வேண்டும். இவ்விகிதம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். டாக்டரே குறித்தல் வேண்டும். ஆனால் கணக்கு முறை ஒன்றே. ரொட்டிக்குப் பொருந்துவது நம் சோற்றுக்கும் இட்லிக்கும் பொருந்தும்.

பின்னர் நீச்சல், மலையேற்றம், பந்தாட்டம். இங்கேதான் முகாமின் பெரும் பாடம் உள்ளது. உழைக்கும் தசை, ஊசி மருந்தை அதிகம் வேண்டாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வீட்டில் செலுத்திய அதே அளவைச் செலுத்தினால் சர்க்கரை அளவுமீறித் தாழ்ந்துவிடும். ஆகவே முகாமுக்கு வந்த நாளிலேயே பல குழந்தைகளின் இன்சுலினை 10 முதல் 20 சதவிகிதம் வரை டாக்டர்கள் குறைத்து விடுவது வழக்கம். அன்றைய ஓட்டத்தின் விளைவு நள்ளிரவுக்குப் பின்னும் தோன்றக்கூடும் ஆதலால், குழந்தைகள் உறங்கும்போதும் வேண்டியவர்களுக்கு அளவு பார்க்கப்படும்.

சர்க்கரை தாழ்ந்தால் வியர்வை, நடுக்கம், வெளிறிய முகம், காரணமில்லாத சினம், தடுமாற்றம் ஆகியவை தோன்றும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆட்டத்தை நிறுத்தி ஏறத்தாழ 15 கிராம் சர்க்கரையை உட்கொள்ளவேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்தால் போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் கொடுக்கவேண்டும். நினைவிழந்த குழந்தையின் வாயில் மட்டும் எதனையும் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அதற்குக் குளுக்ககான் என்ற மருந்தை முகாமில் ஆயத்தமாக வைத்திருப்பர்.

இங்கு நாம் கருதவேண்டியது யாது? நம் வீடுகளில், ஓடினால் சர்க்கரை இறங்கிவிடும் என்று அறிந்த பெற்றோர் பிள்ளையை ஓடவேண்டா என்று தடுக்கின்றனர். முகாமோ ஓட்டத்தைத் தடுப்பதில்லை; அளவை மாற்றுகிறது. மழை பெய்த நாளில் மடையைச் சிறிது அடைப்பது உழவன் அறிந்த செயல். மழையே வேண்டாவென்று அவன் சொல்வதில்லை. அறுவடைக் காலத்தில் களத்திலும் வரப்பிலும் ஓடியாடும் பிள்ளைக்கும், தேர்வுக் காலத்தில் அமர்ந்து படிக்கும் அதே பிள்ளைக்கும் ஒரே அளவு பொருந்தாது. இதனை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்து வைத்திருக்கலாம்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. பள்ளியில் தான் ஒருவனே ஊசி போட்டுக்கொள்பவனாயிருந்த பிள்ளை, முகாமில் நூறு பேர் ஒருங்கே அமர்ந்து போட்டுக்கொள்வதைப் பார்க்கிறான். அவர்களை வழிநடத்தும் இளைஞர்களுள் பலர் இந்நோய் உடையவர்களே. தாமும் சிறு வயதில் அதே முகாமுக்கு வந்தவர்கள். அவர்கள் மலையேறுவதையும், கல்லூரியில் படிப்பதையும், குடும்பம் நடத்துவதையும் காண்கிறான். டாக்டர் ஆயிரம் முறை தைரியம் சொல்லியும் நம்பாதவன், தன்னைப்போன்ற ஒருவனைப் பார்த்து நம்புகிறான். வீட்டில் தாயன்றி எவரிடமும் ஊசிக்குக் கையைக் கொடாத குழந்தைகள், அடுத்த கட்டிலில் இருக்கும் தோழன் தானே போட்டுக்கொள்வதைக் கண்டு, தானும் முதன்முதலாகப் போட்டுக்கொள்ளும் இடமும் முகாமே.

பெற்றோர் கற்கும் பாடம்

குடும்ப முகாம்களில் பெற்றோருக்குத் தனி வகுப்பு உண்டு. அவர்கள் அங்கே கற்பது இரண்டு. தங்கள் அச்சத்தை மற்றப் பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுவது ஒன்று; பிள்ளையின் கையில் பொறுப்பை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பது மற்றொன்று.

தாய் இரவில் மூன்று முறை எழுந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். தந்தை ஊசி மருந்தின் செலவை எண்ணிக் கலங்குகிறார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்வதில்லை. நோயற்ற மற்றப் பிள்ளையோ, பெற்றோரின் கருத்தெல்லாம் அந்த ஒருவனிடமே என்று மனத்துள் வாடுகிறது. இவை எல்லா நாட்டுக் குடும்பங்களுக்கும் பொது. முகாமில் இத்தகைய குடும்பங்கள் ஒருங்கு கூடும்போது, நம் வீட்டில் மட்டுமே நிகழ்வதென்று எண்ணியது எல்லோர் வீட்டிலும் நிகழ்வதென்று தெரிகிறது. உடன்பிறந்தாருக்கும் அங்கே தனி இடம் கொடுத்து, ஆட்டத்திலும் பாடத்திலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பொறுப்பைக் கொடுக்கும் முறையை நெசவாளராகிய நாம் நன்கு அறிவோம். தறி வீட்டுக் குழந்தையை முதல் நாளே தறியில் ஏற்றுவார் இல்லை. முதலில் தார் சுற்றும். பின்னர் இழை பிணைக்கும். அதன்பின் தகப்பனார் அருகிருக்க நாடாவை ஓட்டும். கடைசியில்தான் தனியே நெய்யும். இதற்கிடையில் இழை அறுந்தால் வைவதில்லை; பிணைக்கக் கற்பிக்கிறோம். இன்சுலினும் அவ்வாறே. ஐந்து வயதில் எந்த விரலில் குத்துவது என்று குழந்தை சொல்லட்டும். எட்டு, ஒன்பது வயதில் அளவைத் தானே படிக்கட்டும். அதன்பின் பெரியவர் பார்த்திருக்க ஊசி போட்டுக்கொள்ளட்டும். கணக்கை முழுதும் ஒப்படைப்பது அதன்பின்னரே. வயதைவிடப் பக்குவமே அளவுகோல்.

இதில் இரு புறமும் பிழை நேரும். பதினைந்து வயதாகியும் தாயே ஊசி போட்டால், பிள்ளை வெளியூரில் படிக்கப் போகும் நாளில் தவிக்கும். பத்து வயதிலேயே, எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று முழுதும் விட்டுவிட்டால், பூப்பெய்தும் பருவத்தில் சோர்வினாலோ வெறுப்பினாலோ ஊசியைத் தவிர்க்கத் தொடங்குவாள். பெற்றோர் அறியும்போது நிலை முற்றியிருக்கும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளலே நடுவழி. அளவு கூடியிருந்தால், ஏன் தின்றாய் என்று கடிந்து கேட்கும் வீட்டில் பிள்ளை பொய்க்கணக்கு எழுதும். இனி என்ன செய்யலாம் என்று கேட்கும் வீட்டில் உண்மைக் கணக்கு எழுதும். சங்கத்தின் பேரேட்டைப் போலவே இந்தக் கணக்கும் உண்மையாயிருந்தால்தான் பயன்.

புதிய கருவிகள் இதில் ஒரு புதிய சிக்கலையும் கொணர்ந்துள்ளன. பிள்ளையின் சர்க்கரை அளவைத் தொலைவிலுள்ள பெற்றோர் தங்கள் கைப்பேசியில் நொடிதோறும் காணலாம். பிள்ளை முகாமில் இருக்க, தாய் வீட்டில் விழித்திருந்து அதனையே பார்த்திருப்பாள். ஆகவே முகாம் நாட்களில் அதனைப் பாராதிருக்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொள்ளும் முகாம்களும் உண்டு. சில நாள் பிறர் கையில் பிள்ளையை ஒப்படைத்து உறங்குவதும் பெற்றோர் பயிலவேண்டிய பாடமே.

முகாமால் ஆகாதவை

முகாம் நோயை நீக்காது. ஒரு வாரம் தங்கியதால் சர்க்கரை ஆண்டு முழுதும் சீராகிவிடும் என்று எதிர்பார்த்தலும் தவறு. அறிவும் துணிவும் வளரும். அவற்றை வீட்டில் நாள்தோறும் கையாண்டால்தான் நிலைக்கும். கையாள்வதன் பயன் பெரிது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து 1983 முதல் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1993இல் வெளிவந்தது. சர்க்கரையை இயன்றவரை இயல்பான அளவுக்கு அருகில் வைத்திருந்தவர்களுக்குக் கண் விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 சதவிகிதம் குறைந்தது. சிறுநீரகக் கேடும் நரம்புக் கேடும் பெரிதும் குறைந்தன. நாள்தோறும் பார்க்கும் சிறு கணக்கு, இருபது ஆண்டு கழித்துக் கண்ணைக் காக்கிறது.

மேலும், மருந்தே கிடையாத இடத்தில் முகாம் வெறுங்கூட்டமாகிவிடும். முதலில் இன்சுலின், அடுத்துச் சோதனைக் கருவி, அதன்பின் கல்வி. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றி வழங்கப்படுகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இலேயே டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கினார். மருத்துவ வழி நமக்குப் புதிதன்று. அவ்வழிக்கும் நம் வீட்டு வாயிலுக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பதே நம் பணி.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை

மலைவனத்தில் கூடாரம் அடித்து நடத்தும் முகாம் நம் சங்கங்களின் சக்திக்கு மேற்பட்டதாயிருக்கலாம். ஆனால் முகாமின் உயிர்ப்பொருள் கூடாரத்தில் இல்லை. ஒத்த நிலையிலுள்ள குடும்பங்கள் ஒருங்கு கூடுவதில் உள்ளது. அதனை எளிய முறையில் நாமும் செய்யலாம்.

1. வட்டாரத்தில் இந்நோயுடைய குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மூன்றோ நான்கோ இருப்பினும், அவர்கள் விரும்பினால், விடுமுறை நாளொன்றில் சங்கக் கட்டடத்தில் கூட இடம் தரலாம். பெயர்களை அவர்கள் இசைவின்றி வெளியிடுதல் கூடாது.

2. அரசு மருத்துவமனை டாக்டரையோ தாதியையோ அன்று அழைத்து, ஊசி போடும் முறை, இடம் மாற்றிப் போடுதல், உணவுக் கணக்கு ஆகியவற்றைச் செய்து காட்டச் செய்யலாம். நம் வீட்டுச் சமையலையே கொணர்ந்து அளந்து காட்டுதல் நலம்.

3. இந்நோயுடன் வளர்ந்து தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் கிடைத்தால் அவரைக் குழந்தைகளுடன் பேசச் செய்யலாம். இதற்கு இணையான சொற்பொழிவு இல்லை.

4. குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் மருந்தைக் காக்கும் முறையைச் செய்து காட்டலாம். திறவாத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கவேண்டும்; உறைந்துபோனதைப் பயன்படுத்தலாகாது. பயன்பாட்டில் உள்ள புட்டியை, பெரும்பாலான வகைகளில், 30 பாகைக்கு மேற்படாத இடத்தில் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். நம் கோடையில் அதற்குக் கைகண்ட வழி மண்பானை. பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பி, நிழலில் வைத்து, மணல் காயாமல் நீர் தெளித்து வந்தால் உள்ளே குளிர்ச்சி நிற்கும். மருந்துப் புட்டியை நீர் புகாத உறையில் இட்டுச் சிறிய பானைக்குள் வைக்கவேண்டும். தறிக்கூடத்து ஓட்டின் கீழும் வெயில் படும் பலகணியிலும் வைத்தல் ஆகாது.

5. திறவாத புட்டிகளை வைப்பதற்குச் சங்கத்தில் குளிர்ப்பெட்டி இருந்தால் அதில் ஒரு தட்டை ஒதுக்கலாம். மருத்துவமனைக்குச் செல்ல ஒரு நாள் கூலியை இழக்கும் அங்கத்தினருக்குப் பொதுநல நிதியிலிருந்து பேருந்துச் செலவு கொடுப்பதும் ஆகாத காரியமன்று.

6. பள்ளி ஆசிரியரிடம் பெற்றோர் உண்மையைச் சொல்லும்போது, அவர்கள் விரும்பினால், சங்கத்தினர் ஒருவர் உடன் செல்லலாம். தனியே செல்லத் தயங்கும் தாய் துணையிருந்தால் செல்லுவாள்.

கடனை மறைத்து வட்டிக்காரரிடம் தனித்தனியே அகப்பட்டுக் கிடந்த மக்கள், ஒருங்கு கூடித் தம் நிலையைச் சொல்லத் துணிந்த நாளில் நம் சங்கங்கள் பிறந்தன. மறைத்ததைச் சொல்லுவதே முதல் உதவி என்பதை நம் முன்னோர் பொருளாதாரத்தில் கண்டனர். நோயிலும் அதுவே உண்மை. நம் வட்டாரத்தில் ஒரு குழந்தையேனும், தன்னைப்போல் மற்றொருவர் இருக்கிறார் என்பதை இவ்வாண்டு அறிந்துகொள்ளுமாயின், சங்கத்தின் ஆண்டறிக்கையில் அதற்கும் ஒரு வரி ஒதுக்கலாம்.

ஆராய்தற்குரிய வினாக்கள்

1. குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு, பெரியவர்களிடம் மிகுதியாகக் காணும் நீரிழிவிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது? இன்சுலினை நிறுத்தினால் என்ன நேரும்?

2. சர்க்கரை தாழ்ந்ததற்கு அறிகுறிகள் யாவை? பள்ளியிலோ வயலிலோ இது நேர்ந்தால் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும் யாவை?

3. பிள்ளையின் ஓட்டத்தைத் தடுப்பதற்கும் மருந்தின் அளவை மாற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு வேலை நாட்களைக் கொண்டு விளக்குக.

4. உங்கள் தொழிலைப் பிள்ளைக்கு எந்தப் படிமுறையில் கற்பித்தீர்கள்? நோய்ப் பராமரிப்பின் பொறுப்பை அதே முறையில் ஒப்படைப்பது எவ்வாறு?

5. நம் சங்கத்தில் இத்தகைய ஒரு நாள் கூட்டம் நடத்த எவ்வளவு செலவாகும்? எந்த நிதியிலிருந்து எடுக்கலாம்? அடுத்த நிர்வாகக் குழுவில் இதனை முன்மொழிபவர் யார்?